குடும்ப வீடும் நிலப்பட்டாவும்

“வீடு அண்ணன் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் அது குடும்ப வீடு.” கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் சொத்துத் தகராறுகள் அனைத்தையும் இந்த ஒற்றை வாக்கியத்தில் அடக்கிவிடலாம். சொல்பவருக்கு இதில் ஐயம் எதுவும் இல்லை. தந்தையின் பணிக்கொடை, தாயின் நகை, தம்பியின் மாதச் சம்பளம், வேலைக்குப் போன தங்கையின் சேமிப்பு என்று பல கைகள் சேர்ந்து எழுப்பிய சுவர்கள் எல்லாருக்கும் பொது என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது போன்ற உண்மை. ஆனால் நீதிமன்றத்தில் அவ்வாக்கியம் மொழிபெயர்க்கப்பட்டதும் நீதிபதியிடமிருந்து வேறொரு கேள்வி எழுகிறது. பணம் கொடுத்தீர்களே, அது கடனா, நன்கொடையா, அல்லது அண்ணன் உங்களுக்காகவும் அவ்வீட்டை வைத்திருப்பார் என்னும் உடன்பாட்டின் பேரில் கொடுத்ததா? சாட்சிக்கு இக்கேள்வி விளங்குவதில்லை. கடன் என்றால் அவமானம். நன்கொடை என்றால் பொய். உடன்பாடு என்றால், தாயும் பிள்ளையும் எங்கேனும் உடன்பாடு எழுதிக்கொள்வார்களா?

இந்தத் திகைப்புக்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் தத்தம் சொத்து மரபை மனத்தில் சுமந்து வந்தார்கள். அவர்கள் வந்திறங்கிய சிலாங்கூரிலோ நிலத்தை வேறு கண்கொண்டு பார்க்கும் சட்டம் வேரூன்றிக்கொண்டிருந்தது.

தமிழகத்து மரபை முதலில் காண்போம். மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் காலத்தில் கல்யாண நகரில் வாழ்ந்த விஞ்ஞானேசுவரர், யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதிய உரையே மிதாட்சரம். வங்காளத்தில் ஜீமூதவாகனரின் தாயபாகம் வழங்க, தென்னாட்டில் மிதாட்சரமே ஆட்சி செலுத்தியது. பிரிட்டிஷ் ஆட்சியில் சென்னை நீதிமன்றங்கள் இதனையே தமிழ் இந்துக்களின் சட்டமாகக் கொண்டன. இதன்படி மூதாதையர் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே உரிமை உண்டாகிறது. தந்தை இறந்த பின்னர் கிடைப்பதன்று அது, பிறப்போடு வருவது. குடும்பத் தலைவர் சொத்தை நிர்வகிப்பவரேயன்றி முழு உடைமையாளர் அல்லர். பாகப்பிரிவினை நடக்கும்வரை ‘இன்னது என் பங்கு’ என்று எவரும் விரல் நீட்டிக் காட்ட இயலாது. பெண்களுக்கு அதில் உணவும் உறைவிடமும் உண்டு, பங்கு இல்லை. இந்தக் குறையை அகற்ற இந்தியாவுக்கு மிக நீண்ட காலம் பிடித்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்கு வரம்புக்குட்பட்ட உரிமை தந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மேலும் சில அடிகள் எடுத்து வைத்தது. தமிழ்நாடு 1989இல் தன் எல்லைக்குள் மகளையும் பிறப்புரிமைப் பங்காளியாக்கியது. இந்தியா முழுமைக்கும் 2005இல்தான் அந்நிலை வந்தது.

யாழ்ப்பாணத்தாரின் மரபு வேறு. 1707இல் ஒல்லாந்த ஆட்சியின்போது கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்தளித்த தேசவழமைச் சட்டம், சொத்தை மூன்றாகப் பகுக்கிறது. பெற்றோர் வழி வந்தது முதுசம். மணமாகும்போது மகளுக்குக் கொடுப்பது சீதனம். கணவனும் மனைவியும் இல்லற வாழ்வில் ஈட்டியது தேடியதேட்டம். இங்கே பெண்ணுக்குச் சொத்து உண்டு. ஆனால் சீதனம் பெற்றுச் சென்றவள் பிறந்த வீட்டு முதுசத்தில் மீண்டும் கை நீட்டக் கூடாது என்பதும் அதன் பழைய விதி. சொல்லும் வகைமையும் இவ்வளவு தெளிவாக அமைந்த ஒரு மரபிலிருந்து வந்தவர்கள், ‘வீடு’ என்றதும் அது முதுசமா, சீதனமா, தேட்டமா என்று முதலில் கேட்பது இயல்பே.

இவ்விரு கூட்டத்தாரும் சந்தித்த இடங்களுள் தலையாயது பிரிக்பீல்ட்ஸ். 1881இல் கோலாலம்பூர் நெருப்பாலும் வெள்ளத்தாலும் அழிந்த பின்னர், அத்தாப்புக் கூரைகளை நீக்கிச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரை எழுப்ப வேண்டுமென்று ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் பணித்தார். அதற்கான சூளைகள் எரிந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வேயும் அரசாங்கக் காரியாலயங்களும் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து எழுத்தர்களை அழைத்துக்கொண்டன; இருப்புப்பாதை வேலைக்குத் தமிழகத்துத் தொழிலாளர் வந்தனர். யாழ்ப்பாணத்துச் சைவர்கள் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். ஆயினும் இவர்களுள் பெரும்பாலார் குடியிருந்தது அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களில். வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்ற நாளில் சாவியை ஒப்படைக்க வேண்டும். கிள்ளானைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களின் லயங்களிலும் இதே நிலைதான், இன்னும் கடுமையாக. ஆகவே சொந்த வீடு என்பது அவர்கள் வாழ்வில் முதலில் வரவில்லை, கடைசியில்தான் வந்தது. ஓய்வூதியப் பணமோ, 1951இல் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதியோ கைக்கு வரும் வயதில், பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கிய காலத்தில் வீடு வாங்கினார்கள். அந்த ஒரு தகவலிலேயே பிற்கால வழக்குகளின் விதை கிடக்கிறது. முதியவரிடம் முன்பணம் உண்டு, மாதச் சம்பளம் இல்லை. மகனிடம் சம்பளச் சீட்டு உண்டு, முன்பணம் இல்லை. வங்கி சம்பளச் சீட்டுக்குத்தான் கடன் தரும். பட்டாவில் மகனின் பெயர் ஏறுகிறது.

அந்தப் பெயர் ஏறும் ஏடு எத்தகையது என்பதே இவ்வரலாற்றின் மையம். 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் என்பவர் ஒரு புதிய நிலப்பதிவு முறையைச் சட்டமாக்கினார். அதற்கு முன் நிலத்தின் உரிமையை மெய்ப்பிக்கப் பழைய பத்திரங்களை அடுக்கடுக்காகக் காட்ட வேண்டியிருந்தது. டோரன்ஸ் முறையில் பதிவேடு உரிமைக்குச் சாட்சி மட்டுமன்று, பதிவேடே உரிமை. ஏட்டில் யார் பெயரோ அவரே உடையவர். மலாய் மாநிலங்களுக்கு இம்முறையை வலியுறுத்தியவர் வில்லியம் மேக்ஸ்வெல். ஆஸ்திரேலியாவுக்கே சென்று இதனை ஆராய்ந்து திரும்பிய அவர் பின்னர் சிலாங்கூரின் ரெசிடெண்டாக அமர்ந்தார். 1891இல் சிலாங்கூரில் பட்டாப் பதிவு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச்சட்டம் வரை அதே கொடிதான் படர்ந்து வந்திருக்கிறது. காடும் ஈயமும் ரப்பருமாக நிலம் நாளுக்கு நாள் கைமாறிய நாட்டில் முதலாளிக்கும் அரசாங்கத்திற்கும் இது பெரும் வசதி. பதிவேட்டுக்குப் பின்னால் இருக்கும் உறவுகளை எட்டிப் பார்க்க வேண்டாம் என்பதே அதன் வசதி.

தேசிய நிலச்சட்டத்தின் 43ஆம் பிரிவு, நிலத்தை யார் யார் வைத்திருக்கலாம் என்று வரையறுக்கிறது. வயது வந்த தனிமனிதர், நிறுவனம், அரசுகள், வேறு சட்டத்தால் வெளிப்படையாக அனுமதி பெற்ற அமைப்புகள். கூட்டுக் குடும்பம் அப்பட்டியலில் இல்லை. ஒரு நிலம் பலருக்குச் சொந்தமாகலாம். ஆனால் ஒவ்வொருவர் பெயரும் அவரவர் பங்கும் ஏட்டில் இருக்க வேண்டும். 341ஆம் பிரிவு மேலும் ஒரு கதவை அடைக்கிறது. பிறர் நிலத்தில் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அக்குடியிருப்பினால் உரிமை உண்டாகாது. தாயைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு அதே வீட்டில் முப்பது ஆண்டு இருந்தேன் என்று சொல்லும் இளைய மகனுக்கு அந்த முப்பது ஆண்டுகளால் மட்டும் ஒரு செங்கல்லும் சொந்தமாவதில்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. நில அலுவலகம் அறியாத இந்துக் கூட்டுக் குடும்பத்தை வருமான வரி இலாகா நன்றாக அறியும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், இந்தியாவில் நிலவும் சட்டமுறைகளில் எது கூட்டுக் குடும்பம் எனப்படுகிறதோ அதுவே இங்கும் கூட்டுக் குடும்பம் என்று பொருள் வரைந்து, அதனையும் வரி செலுத்தத்தக்க ஓர் அமைப்பாக ஏற்றிருக்கிறது. வரி வாங்கும்போது குடும்பம் ஒன்று. பட்டா கொடுக்கும்போது குடும்பம் என்று ஒன்றில்லை!

வரிச் சட்டம் கூட்டுக் குடும்பத்தை மதித்தால் என்ன விளையும் என்பதற்கு இலங்கையில் எழுந்த வழக்கொன்று சான்று. அருணாசலம் செட்டியார் என்னும் ஒரே பெயர் கொண்ட தந்தையும் மகனும் அடங்கிய நாட்டுக்கோட்டை நகரத்தார் குடும்பம் அது. மகன் 1934இல் மறைந்தார். தந்தை 1938இல் மறைந்தார். மகன் முன்பே போய்விட்டதால் தந்தை இறக்கும்போது ஆண் பங்காளி அவர் ஒருவரே. ஆகவே சொத்து அவருடைய தனிச் சொத்து, மரண வரி கட்ட வேண்டும் என்றது இலங்கை அரசாங்கம். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு மரண வரியிலிருந்து விலக்களிக்கும் பிரிவு இலங்கைச் சட்டத்தில் இருந்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1957இல் முடிந்தது. ஆண்மகன் ஒருவரே எஞ்சியிருந்தாலும், சுவீகாரம் எடுக்கும் வாய்ப்புள்ள பெண்கள் வீட்டில் இருக்கும்வரை கூட்டுக் குடும்பம் அழிவதில்லை என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். சொத்தில் பங்கில்லாத விதவைப் பெண்களே அக்குடும்பத்தைச் சட்டத்தின் கண்ணில் உயிரோடு வைத்திருந்தார்கள் என்பது அத்தீர்ப்பின் நுட்பம். கோலாலம்பூர் அம்பாங் தெருவிலும் கிள்ளானிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் இத்தகைய நுட்பங்களை அறிந்தவர்கள். கணக்கும் கடிதமும் அதிகாரப் பத்திரமும் இல்லாமல் அவர்கள் ஒரு காசை நகர்த்தியதில்லை. எழுதி வைக்கும் பழக்கம் இல்லாத எழுத்தர் குடும்பங்களும் தோட்டக் குடும்பங்களும்தான் பின்னாளில் தடுமாறின. ‘எழுத்தர்’ குடும்பத்துக்கு எழுதி வைக்கும் பழக்கம் இல்லாமற் போனது வியப்புத்தான். அலுவலகத்து ஏட்டை அவர்கள் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

குடும்ப வீடு என்றென்றும் குடும்பத்திலேயே இருக்க வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்தால் என்ன? அந்த வழியும் பினாங்கில் சோதித்துப் பார்க்கப்பட்டது. சீன மூதாட்டி ஒருவர் தம் வீட்டை மூதாதையர் சடங்குக்கென்றே ஒதுக்கி, அதனை விற்கலாகாது என்று உயில் எழுதினார். 1875இல் பிரிவி கவுன்சில் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. ஒரு சொத்தை முடிவில்லாக் காலத்துக்குக் கட்டிப் போடக் கூடாது என்பது ஆங்கிலச் சட்டக் கொள்கை. பொது அறத்துக்கானால் விலக்கு உண்டு. ஒரு குடும்பத்துக்கு மட்டும் பயன்படும் சடங்கு பொது அறம் ஆகாது. யாப் சியா நியோ வழக்கு என்று சட்ட நூல்களில் வழங்கும் இத்தீர்ப்பின் நிழல் தமிழர் மீதும் விழுந்தது. ‘இவ்வீடு விற்பனைக்கன்று, தலைமுறை தலைமுறையாக இருக்கட்டும்’ என்று தாத்தா கூறிய வார்த்தைக்குச் சட்டத்தில் நிற்க இடமில்லை.

பொது அறம், குடும்ப உடைமை என்னும் இந்த வேறுபாடு கோலாலம்பூர்த் தமிழர்க்கு வேறொரு கட்டடத்தின் வழியாக நன்கு தெரிந்ததே. 1873இல் தோன்றியதாகக் கூறப்படும் மகா மாரியம்மன் கோயில், தொடக்கத்தில் தம்புசாமிப் பிள்ளை குடும்பத்தாரின் வழிபாட்டிடமாக இருந்தது. சிலாங்கூர்க் கருவூலத்தில் உயர் பதவி வகித்து, ஈயச் சுரங்கத் தொழிலிலும் பேர் பெற்று, விக்டோரியா கல்விக்கூடத்தின் தொடக்க அறங்காவலர்களுள் ஒருவராகவும் விளங்கிய அவர் 1902இல் மறைந்தார். 1920களின் இறுதியில்தான் அக்கோயில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டு, காலப்போக்கில் நிர்வாகம் அறங்காவலர் கைக்கு மாறியது. ஒரு குடும்பத்தின் செலவில் எழுந்தது எப்போது ஊருடையதாகிறது என்பது அங்கே எழுந்த கேள்வி. பல கைகளின் செலவில் எழுந்தது எப்போது ஒருவனுடையதாகிறது என்பது வீட்டு வழக்குகளில் எழும் கேள்வி. இரண்டாவதற்கு விடை காண்பது கடினம்.

பதிவேடே எல்லாம் என்றால், தம்பியும் தங்கையும் நீதிமன்றப் படியேறுவதே வீண் அன்றோ? அவ்வாறு ஆகாமற் போனதற்கும் ஒரு கதை உண்டு. முதலில் கதவு சாத்தத்தான்பட்டது. ஹாஜி அப்துல் ரஹ்மான் எதிர் முகமது ஹசான் என்னும் சிலாங்கூர் வழக்கில், கடனுக்கு ஈடாகத் தம் நிலத்தை மாற்றிக் கொடுக்க உடன்பட்டவர், ஆறு மாதக் கெடு கடந்து நெடுங்காலம் சென்றபின் மீட்கக் கேட்டார். இங்கிலாந்தின் சமநீதிக் கொள்கைப்படி அவருக்கு மீட்கும் உரிமை உண்டென்று இங்குள்ள நீதிபதிகள் கருதினர். 1917ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்ற தீர்ப்பில் பிரிவி கவுன்சில் அவர்களைக் கண்டித்தது. ஆங்கிலச் சமநீதியில் மயங்கி, தாங்கள் முற்றிலும் வேறான ஒரு பதிவுச் சட்டத்தைக் கையாள்கிறோம் என்பதை மறந்துவிட்டீர்கள் என்பது அக்கண்டனத்தின் சாரம். அதற்குப் பின் ஒரு தலைமுறைக் காலம் பதிவேட்டின் ஆட்சி ஓங்கி நின்றது.

போருக்குப் பின் காற்று மாறியது. 1951ஆம் ஆண்டு வில்கின்ஸ் எதிர் கண்ணம்மாள் வழக்கில் நீதிபதி டெய்லர், டோரன்ஸ் சட்டம் நிலத்தைக் கைமாற்றும் முறையேயன்றிச் சமநீதியை ஒழித்துக்கட்ட வந்ததன்று என்று விளக்கினார். தன் நோக்கம் நிறைவேற எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டுமே அச்சட்டம் சமநீதி விதிகளை மாற்றுகிறது என்பது அவர் கருத்து. தமிழ்ப் பெண்ணொருத்தியின் பெயர் தாங்கிய அவ்வழக்கு இன்றளவும் மலேசிய நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. ஏட்டில் பெயருள்ளவரே உலகத்தார்க்கு உடையவர். ஆனால் அவர் தம் சொல்லாலும் செயலாலும் தம்மைக் கட்டிக்கொண்டிருந்தால், அக்கட்டை அவர்மீது மட்டும் நிறைவேற்றலாம். இந்த இடைவெளி வழியாகத்தான் ‘குடும்ப வீடு’ நீதிமன்றத்துக்குள் நுழைகிறது. கூட்டுக் குடும்பச் சொத்து என்ற பெயரில் அன்று. நம்பிக்கைப் பொறுப்பு என்ற பெயரில். அண்ணன் வீட்டைத் தனக்காக மட்டும் வைத்திருக்கவில்லை, பணம் போட்ட எல்லாருக்காகவும் வைத்திருக்கிறான் என்று மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை கேட்பவர் தலையில்.

அச்சுமையின் கனத்தைக் கூட்டுவது மற்றொரு விதி. 1854இல், வங்காளத்திலிருந்து வந்த கோசாயி குடும்ப வழக்கில், இந்துத் தந்தை மகன் பெயரில் நிலம் வாங்கினால் அதை மகனுக்குக் கொடுத்த நன்கொடையாகக் கருதலாகாது என்று பிரிவி கவுன்சில் தீர்த்தது. இந்திய வாழ்வில் பிறர் பெயரில் வாங்குவது அன்றாட வழக்கம். பணம் யாருடையதோ அவருக்கே சொத்து. மக்களின் நடைமுறையைச் சட்டம் குனிந்து பார்த்த தருணங்களுள் அது ஒன்று. மலேசியாவிலோ இங்கிலாந்தின் விதியே பின்பற்றப்படுகிறது. தந்தை பணம் கொடுத்து மகன் பெயரில் வாங்கினால் அது நன்கொடை என்பதே தொடக்க அனுமானம். அனுமானத்தைச் சான்றுகளால் முறியடிக்கலாம். ஆனால் முறியடிக்க வேண்டியவர் தந்தை. ஒரே தந்தை, ஒரே மகன், ஒரே எண்ணம். தஞ்சாவூரில் வாங்கிய நிலத்துக்கு ஒரு நீதி, கிள்ளானில் வாங்கிய வீட்டுக்கு வேறொரு நீதி.

உடையவர் உயிலின்றி இறந்துவிட்டால் வழக்கு வேறு திசையில் ஓடுகிறது. 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் இஸ்லாமியரல்லாதார் சொத்தைப் பிரிக்கும் வழியைக் கூறுகிறது. மிதாட்சரத்துக்கோ தேசவழமைக்கோ அதில் இடமில்லை. மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு. சீதனம் வாங்கிப் போனவள் என்பதற்காக மகளை விலக்கும் விதி கிடையாது. தாயகத்துப் பெண்கள் பல்லாண்டு போராடிப் பெற்றதை இங்குள்ள பெண்களுக்கு ஒரு சட்டம் சந்தடியின்றிக் கொடுத்திருந்தது. இதை ஒப்புக்கொள்ள மனமில்லாத சகோதரர்கள்தாம் ‘குடும்ப வழக்கம்’ என்ற சொல்லை அதிகமாகக் கையாண்டவர்கள். தங்கைக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தோமே என்று கூறிக் கையொப்பம் வாங்கிய கதைகள் எத்தனையோ.

ஆனால் அதே சட்டம் பெற்றோரிடம் கொடுமையாக நடந்துகொண்டது. மனைவியும் பிள்ளைகளும் உள்ள மகன் இறந்தால் அவன் பெற்றோருக்கு எதுவுமில்லை. மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. தன் சேமநிதி முழுவதையும் மகன் பெயரிலான வீட்டில் கொட்டிய தந்தை, மகன் விபத்தில் மாண்ட மறுநாள் அவ்வீட்டில் சட்டப்படி விருந்தாளி. 1997 ஆகஸ்டு 31இல் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் பெற்றோருக்குக் கால் பங்கு, மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி என்று மாற்றியது. அதுவரை மருமகளுக்கும் மாமனாருக்கும் மூண்ட பகையில் பாதிக்கு அவர்கள் குணம் காரணமன்று. சட்டத்தின் கணக்கே காரணம். மனைவி உயிலின்றி இறந்தால் முழுச் சொத்தும் கணவனுக்கே என்றிருந்த பழைய விதியும் அத்திருத்தத்தோடுதான் போயிற்று.

எடுத்து வளர்த்த பிள்ளைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தோட்டப்புறத்தில் தாய் தந்தை இழந்த குழந்தையை அடுத்த வீட்டார் வளர்ப்பது சாதாரணம். ஊரறிய மகன், கொள்ளி வைத்தவனும் அவனே. ஆயினும் 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்ற ஆணை பெறாவிட்டால் பங்கீட்டுச் சட்டத்தின் கண்ணில் அவன் பிள்ளையே அல்லன். இலங்கை வழக்கில் இனிமேல் எடுக்கப்படக்கூடிய சுவீகார மகனை முன்னிட்டுக் குடும்பமே உயிரோடிருப்பதாகக் கருதினார்கள். இங்கோ கண்ணெதிரே நிற்கும் மகனுக்குப் பங்கில்லை.

தோட்டப்புற மக்கள் வீட்டுடைமையாளரானது மிகப் பிந்தித்தான். 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் அவர்களை விரட்டியது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தால் தோட்டங்களையே வாங்கச் செய்தார். நிலம் பொதுவில், உறுப்பினர் பெயர் ஏட்டில் என்ற அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. பின்னர் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயத்திலிருந்து வெளியேறியவர்கள் மலிவு விலை வீடுகளுக்குள் நுழைந்தார்கள். அங்கேயும் சம்பளச் சீட்டு உள்ள பிள்ளையின் பெயர்தான் பட்டாவுக்குப் போயிற்று.

1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபின் ‘குடும்ப வீடு’ என்ற சொல் எதிர்பாராத ஒரு பயனையும் பெற்றது. மணவிலக்கு வழக்கில் மனைவி வீட்டில் பங்கு கேட்டால், பட்டாவில் பெயருள்ள கணவனே எழுந்து, “அது என் வீடு அன்று, என் தகப்பனார் பணம், குடும்பச் சொத்து” என்கிறான். தம்பி கேட்டபோது தனக்கே சொந்தம் என்றிருக்கக்கூடியவன்தான்! வாளாகப் பயன்படாத சொல் கேடயமாகப் பயன்படுகிறது. நீதிபதிகள் இத்தகைய வாதங்களை ஐயக்கண் கொண்டு நோக்குவதில் வியப்பில்லை. உண்மையாகவே பணம் போட்ட தகப்பனாரின் சொல்லும் அந்த ஐயத்தில் அடிபட்டுப் போகிறது.

சட்டம் தற்காப்புக்கு வழி தராமல் இல்லை. வீட்டில் உரிமை கோருபவர் நில அலுவலகத்தில் காவியட் போடலாம். அது இருக்கும்வரை வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாது. ஆறு ஆண்டுகளில் தானே காலாவதியாகும். தொடக்கத்திலேயே ‘பொறுப்பாளர்’ என்னும் சொல்லோடு பட்டாவில் பெயரைப் பதிந்து, பொறுப்புப் பத்திரத்தையும் பதிவாளரிடம் வைக்கவும் வழியுண்டு. புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறிக்கும் வேளையில் இதை யார் எடுத்துச் சொல்வது? சொல்பவன் குடும்பத்தைப் பிரிக்க வந்தவன் ஆகிவிடுவான்.

ஆகவே பல ஆண்டுகள் கழித்து, அண்ணன் வீட்டை விற்க முன்பணம் வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்ட பின்னர்தான் தகரப் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. வழக்கறிஞரின் மேசைமேல் என்னென்னவோ வந்து குவிகின்றன. தந்தையின் சேமநிதிக் கணக்கறிக்கை. வங்கிக்குக் கட்டிய தவணைச் சீட்டுகள் சில, பல மாதங்களுக்கு இல்லாமல். சிமெண்டு வாங்கிய கடையின் ரசீது. குடிபுகுந்த அன்று எடுத்த நிழற்படம். தாயின் தாலிக்கொடியும் காப்பும் முன்பணத்துக்காக அடகுக் கடைக்குப் போனதற்கு, மடிப்பில் கிழிந்த அடகுச் சீட்டு ஒன்று. நகை மீட்கப்படவேயில்லை என்பதற்கு அச்சீட்டு கையில் இருப்பதே சாட்சி. சீட்டில் தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது, தாயின் பெயரும் இருக்கிறது. எதற்காக வைத்தாள் என்பது மட்டும் எழுதப்படவில்லை; குறுக்கு விசாரணை அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.